கனசாவாவில் இருபது நிமிடச் சுதந்திரம்

தொச்சிமி பேரூராட்சி அலுவலக ஊழியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பர் மாதத்தில், இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இது ஊழியர் நலச் சங்கத்தின் பதினான்காவது விதி. மகிழ்ச்சியாக இருக்க விருப்பமில்லாதவர்கள் காரணத்தை எழுத்தில் தரலாம். அதைப் பரிசீலிக்க ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழு ஆண்டுக்கொரு முறைதான் கூடும். கூடுவது அந்த இரண்டு நாள் சுற்றுலாவின்போது, பஸ்ஸுக்குள்.

என் பெயர் மோரிவாக்கி. மரியாதையாகக் கூப்பிட்டால் மோரிவாக்கி-சான். குடியிருப்புப் பதிவுப் பிரிவில் மூன்றாம் எண் கவுன்டர். ஊருக்குக் குடிவருகிறவர்களும் ஊரை விட்டுப் போகிறவர்களும் என் முன்னால் வந்து படிவம் கொடுக்க வேண்டும். முப்பத்தொரு வருடமாக அதை வாங்கி முத்திரை போடுகிறேன்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி என் மகள் சவாகோவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. ஆறு வருடங்களில் முதல் அட்டை. கனசாவா சந்தையில் ஒரு நண்டுக் கடையில் வேலை செய்கிறாளாம். நவம்பர் முடிந்ததும் அந்த ஊரை விட்டுப் போகிறாளாம். எங்கே என்று எழுதவில்லை. “நேரில் வந்தால் சொல்கிறேன். சனிக்கிழமைகளில் ஒன்று முதல் இரண்டு வரை எனக்கு ஓய்வு. வராவிட்டாலும் பரவாயில்லை, பழகிவிட்டது.”

ஆறு வருடம் பேசாமல் போனதற்குக் காரணம் என் கவுன்டர்தான். ஒரு மார்ச் மாதம், ஊரை விட்டு வெளியேறுகிறேன் என்ற படிவத்தோடு அவள் என் முன்னால் வந்து நின்றாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வரிசை எண் நாற்பத்தேழு. படிவத்தில் எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. நான் நிமிர்ந்து, “அடையாள அட்டை இருக்கா?” என்று கேட்டேன். வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள். “எடுத்துட்டு வாங்க” என்றேன். வாங்க என்றுதான் சொன்னேன். நாற்பது நிமிடம் கழித்து அட்டையோடு வந்தாள். முத்திரை போட்டுக் கொடுத்தேன். பிறகு, “அடுத்து, ஐம்பத்தாறு” என்று கூப்பிட்டேன்.

அந்த மாத அலுவலகச் செய்தி மடலில் என் படம் வந்தது. பெற்ற மகள் என்றும் பாராமல் விதியைக் காத்த ஊழியர் என்று பொது நிர்வாகப் பிரிவுத் தலைவர் தொகுரா எழுதியிருந்தார். அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன். இப்போது இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமாக இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அட்டையைப் பக்கத்துக் கவுன்டர் காமியோவிடம் காட்டினேன். ஐம்பது வயது, வரிச் சான்றிதழ் தருகிறவர், வாயை மூடி வைக்கத் தெரியாதவர்.

“கனசாவாவுக்கு ரயில் ஓடுதுல்ல?” என்றார்.

“ஓடுது. ஆனா இந்த வருஷம் ஆபீஸ் சுற்றுலாவே கனசாவாதானாம். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. அப்படியே பாத்துட்டு வந்துரலாம்.”

“அதுக்கு முன்னால பத்து சனிக்கிழமை இருக்கே?”

“ஆபீஸோட வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்னு சொன்னா… அவளுக்கும் சங்கடமா இருக்காது.”

“அவளுக்கா, உங்களுக்கா? முப்பத்தேழு பேர் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு போய்த்தான் பெத்த மகளைப் பாக்கணுமா, மோரிவாக்கி-சான்?”

நான் அட்டையை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அவர் சொன்னது சரி.

கனசாவா எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதமே தொகுரா தலைவர் கனசாவா என்று முடிவு செய்துவிட்டார். ஜூலையில் ஊழியர் விருப்பக் கணக்கெடுப்பு நடந்தது. வேறு ஊர் எழுதியவர்களின் மேசைக்கு அவருடைய உதவியாளர் ஹிபினோ நேரில் போய், நாற்காலி இழுத்துப் போட்டு, அவர்கள் கனசாவா என்று மாற்றி எழுதும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தார். காமியோ மட்டும் “வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும்” என்று எழுதியிருந்தார். அவர் மேசையருகே ஹிபினோ மூன்று மதியங்கள் உட்கார்ந்தார். நான்காவது மதியம் முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு கனசாவா. இந்த ஒருமனதைக் கண்டு கண்கலங்கியதாகத் தொகுரா தலைவர் செய்தி மடலில் எழுதினார்.

அக்டோபர் முதல் வாரம் பயணக் கையேட்டின் முதல் வரைவு சுற்றுக்கு வந்தது. அறுபத்திரண்டு பக்கம். நான் நாற்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் பார்த்தேன். “சந்தை. 12.40 முதல் 2.10 வரை. சுதந்திர நேரம்.” தொண்ணூறு நிமிடம். அதில் ஒன்றிலிருந்து இரண்டு வரை முழுசாக உள்ளே இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய், அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். நான் எதையும் எழுதாமல் பேசுகிறவன் இல்லை.

மறுவாரமே சுதந்திர நேரம் குறித்துச் சுற்றுலா ஆயத்தக் குழு அவசரமாகக் கூடியது. எட்டு வருடம் முன்பு வேறொரு ஊருக்குப் போனபோது, சுதந்திர நேரம் முடிந்து வரிப் பிரிவு ஊழியர் ஒருவர் ஏழு நிமிடம் தாமதமாக பஸ்ஸுக்கு வந்தாராம். அதற்குப் பின் அவர் நீர்வடிகால் பிரிவுக்கு மாற்றப்பட்டு, ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனால் அந்த ஏழு நிமிடம் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆகவே இனிமேல் சுதந்திர நேரத்தில் யார், யாரோடு, எங்கே, எதற்காக, எந்த வழியாகப் போவார் என்று ஒவ்வொருவரும் ‘சுதந்திர நேரத் திட்ட அறிக்கை’ தர வேண்டும் என்று முடிவாயிற்று. அறிக்கைகளைச் சரிபார்க்க நேரம் வேண்டுமென்பதால், சுதந்திர நேரத்தின் முதல் அரைமணி அதற்கென ஒதுக்கப்பட்டது.

ஆக, அறுபது நிமிடம்.

நான் எழுதினேன்: “யார்: மோரிவாக்கி. யாரோடு: தனியாக. எங்கே: சந்தை. எதற்காக: நண்டு வாங்க.” திரும்பி வந்தது. ‘தனியாக’ என்பதன் கீழே சிவப்புக் கோடு. எல்லோரும் நால்வர் குழுவாகத்தான் சுதந்திரமாக இருக்க வேண்டுமாம். இரண்டாம் முறை உண்மையை எழுதினேன்: “மகளைப் பார்க்க.”

அன்று மூன்று மணிக்குத் தொகுரா தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். ஹிபினோ பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தார்.

“மோரிவாக்கி-சான், உங்க மனசு எனக்குப் புரியுது” என்று ஆரம்பித்தார். அவர் அப்படி ஆரம்பித்தால் காரியம் கெட்டது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். “நானும் ஒரு தகப்பன். என் பையனை நான் பாத்தே நாலு மாசம் ஆச்சு. ஒரே வீட்டுல இருக்கோம். ஆனா நான் அதை சுதந்திர நேரத்துல கொண்டு வரேனா? சுதந்திர நேரம்ங்கிறது எல்லாருக்கும் பொதுவானது. பொதுவான ஒண்ணை ஒரு ஆள் தன் சொந்த விருப்பத்துக்குப் பயன்படுத்தினா, மிச்சம் முப்பத்தேழு பேர் என்ன நினைப்பாங்க? ஒருத்தர் தனக்குப் பிடிச்சதைச் செஞ்சா, எல்லாரும் தனக்குப் பிடிச்சதைச் செய்யணும்னு ஆரம்பிப்பாங்க. அப்புறம் அது சுதந்திர நேரமா இருக்குமா?”

“இருக்காதுங்களா?” என்றேன். உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை.

“இருக்காது. சிதறிப் போயிடும்.”

ஹிபினோ ‘சிதறிப் போயிடும்’ என்பதை எழுதி அடிக்கோடிட்டார்.

“நீங்கதானே சொந்த மகளுக்கே விதியை விட்டுக்கொடுக்காதவர்? அப்பேர்ப்பட்ட நீங்க இப்படி எழுதலாமா?” என்று சொல்லி என் தோளைத் தட்டினார். நான் அறிக்கையை வாங்கிக்கொண்டு வந்து, “நால்வர் குழுவோடு நண்டுகளைப் பார்வையிட” என்று எழுதிக் கொடுத்தேன். உடனே ஏற்கப்பட்டது.

இதற்கிடையில் ஆயத்தக் குழுவின் ஐந்து பேரும் இடங்களை முன்கூட்டியே பார்த்துவரக் கனசாவாவுக்குப் போய்வந்தார்கள். ஊர் கையேட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அடுத்த வாரம் மறுபடி போனார்கள், முதல் பார்வையிடல் சரியாக நடந்ததா என்று பார்ப்பதற்கு. நவம்பர் பிறந்ததும் மூன்றாம் முறை போனார்கள். முந்தைய இரண்டு தடவையும் நண்டுப் பருவம் ஆரம்பித்திருக்கவில்லை. ஆகையால் நண்டின் சுவை ஆய்வு செய்யப்படாமல் இருந்தது. அந்தக் குறை நீங்கியது. அறிக்கையில், “சுவை எதிர்பார்த்த அளவில் இருந்தது. பூங்காவில் அழகு காணப்பட்டது. மற்ற ஊழியர்கள் இவற்றைக் காண வேண்டிய அவசியம் குறைந்துள்ளது” என்று எழுதியிருந்தார்கள். கடைசி வாக்கியத்தைப் படித்து அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. முத்திரை போட்டு அடுத்த மேசைக்கு அனுப்பினேன்.

மதிய உணவுக்கு ஒரு விருப்பப் படிவம் வந்தது. சோற்றின் மேல் மீன் துண்டுகள் பரப்பிய கிண்ணம். உயர்வு, நடுத்தரம், சாதா என்று மூன்று தரம். யாரும் எழுதாமல் காத்திருந்தோம். தொகுரா தலைவர் நடுத்தரம் எடுத்தார் என்று செய்தி வந்தது. அப்படியானால் பிரிவுத் தலைவர்களுக்கு நடுத்தரம், மற்றவர்களுக்கு சாதா. முப்பத்தொரு சாதா என்று கடைக்குச் சொன்னபோது, எங்களிடம் ஒரு நாளைக்கு இருபது சாதாதான் முடியும் என்றார்களாம். மிச்சம் பதினொரு பேருக்கு உயர்வு தருகிறோம், அதே விலைக்கு என்றார்களாம். தலைவர் நடுத்தரம் சாப்பிடும்போது துப்புரவுப் பிரிவு உயர்வு சாப்பிடுவதா? பதினொரு பேருக்கு வெறும் சோறும் மிசோ என்கிற சோயாச் சாறும் என்று தீர்மானமானது. அந்தப் பதினொரு பேரில் நானும் ஒருவன்.

சுற்றுலா போகிறவர்கள் ஊரில் இருப்பவர்களுக்கு இனிப்பு வாங்கி வர வேண்டும். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளத் தங்கும் ஆறு பேருக்கு, வீட்டாருக்கு, அக்கம்பக்கத்தாருக்கு, பேரூராட்சி மன்றத்தாருக்கு. கடையில் ஆளாளுக்கு நின்று தேர்ந்தெடுத்தால் நேரம் வீணாகும் என்று, ஹிபினோ எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்பே தபாலில் வரவழைத்துவிட்டார். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை, கனசாவா இனிப்புப் பெட்டிகள் எங்கள் மேசைகளில் இருந்தன. தங்குகிற ஆறு பேரும் பெட்டியை இரு கையால் வாங்கிக் குனிந்து வணங்கினார்கள்.

“பயணம் எப்படி இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு. நீங்க வராதது ஒண்ணுதான் குறை” என்று தொகுரா தலைவர் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் ஊரில் பாதிப் பேர் என்னிடம் கனசாவா குளிரைப் பற்றி விசாரித்துவிட்டார்கள்.

பொருள் வாங்குவது முடிந்துவிட்டதால் சந்தையில் அறுபது நிமிடம் தேவையில்லை என்று ஆயிற்று. கையேட்டின் ஏழாவது வரைவில், நாற்பத்தொன்றாம் பக்கத்தில், இப்படி இருந்தது: “சந்தை. 2.10 முதல் 2.30 வரை. ஒழுங்கமைக்கப்பட்ட சுதந்திர நேரம்.”

இரண்டு பத்துக்கு அவளுடைய ஓய்வு முடிந்திருக்கும். சனிக்கிழமை மதியம் நண்டுக் கடையில் வேலை செய்கிறவள் வாடிக்கையாளர் முன்னால் தலைநிமிரக்கூட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை நவம்பர் முடிகிறது.

வெள்ளி மாலை ஒத்திகை நடந்தது. அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் சுண்ணாம்புப் பொடியால் சந்தையின் வீதிகளைக் கோடு போட்டிருந்தார்கள். நாங்கள் நால்வர் நால்வராகக் கொடியின் பின்னால் நடந்தோம். மடக்கு நாற்காலிகள்தான் கடைகள். எதையும் வாங்காமல் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போவது எப்படி என்று பழக வேண்டும். ஹிபினோ தலையில் துண்டு கட்டிக்கொண்டு நண்டுக் கடைக்காரராக நின்றார்.

“வாங்க வாங்க! என்ன வேணும் ஐயா?” என்று கத்தினார்.

கையேட்டின்படி நான் “பார்க்க மட்டும் வந்தேன், நன்றி” என்று சொல்ல வேண்டும். நான் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நின்றுவிட்டேன்.

“மோரிவாக்கி-சான், பதினோரு விநாடி தாமதம்” என்றார் தொகுரா தலைவர், கையில் கடிகாரத்தோடு.

சனிக்கிழமை ஆறரைக்குப் பஸ். பத்து நிமிடம் முன்னால் வந்துவிட வேண்டும். மேலதிகாரிக்கு முன்னால் கீழே இருப்பவர் வந்துவிட வேண்டும். அவருக்கு முன்னால் அவருக்குக் கீழே இருப்பவர். இப்படிக் கணக்கிட்டுப் பார்த்ததில் ஹிபினோ நாலே முக்காலுக்கு வந்து இருட்டில் கொடியோடு நின்றிருந்தார். பஸ் ஓட்டுநர் ஆறு இருபத்தைந்துக்கு வந்தபோது எல்லோரும் அவரை ஒரு குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பதினொன்றரைக்கு நான் வெறும் சோறு சாப்பிட்டேன். பக்கத்தில் காமியோவும் வெறும் சோறுதான். “சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர்னு சொன்னாங்க. சோத்துக்குன்னு சொல்லவே இல்ல” என்றார்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பூங்கா. பைன் மரங்களின் கிளைகள் பனியில் ஒடியாமலிருக்க, உச்சியிலிருந்து கயிறுகளைக் குடைபோல் இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள் தோட்டக்காரர்கள். பார்க்கத் தகுந்த காட்சி. ஆனால் நாங்கள் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றோம், தொகுரா தலைவர் எங்கள் முன்னால், மரத்தைப் பார்த்து நின்று பேசினார்.

“இந்தக் கயிறுகளைப் பாருங்க” என்றார். யாரும் திரும்பவில்லை, திரும்பச் சொல்லிக் கையேட்டில் இல்லை. “கிளை இது கட்டுப்பாடுன்னு நினைக்கலாம். ஆனா கயிறு இல்லேன்னா கிளை இல்ல. நம்ம ஆபீஸும் அப்படித்தான். உங்களை இழுத்துக் கட்டுறது யாரு? நாங்க. எதுக்காக? பனி பெய்யும்னு. இருபத்தேழு வருஷமா நான் பனியை எதிர்பார்த்து உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் பெய்யல. ஏன் பெய்யல? கயிறு இருக்கிறதால!”

கைதட்டல். மணி ஒன்று பத்து.

நான் எதையும் யோசித்து முடிவு செய்யவில்லை. வரிசையின் கடைசியில் இருந்தேன். ஓர் அடி பின்னால் வைத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்னோர் அடி. பிறகு திரும்பி, பூங்கா வாசல்வரை நடந்து, அங்கிருந்து ஓட ஆரம்பித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் அலுவலகக் காலணியோடு ஓடுவது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். கோட்டு பஸ் இருக்கையில் கிடந்தது. குளிர் உறைக்கவில்லை.

ஒன்று முப்பத்திரண்டுக்குச் சந்தைக்குள் நுழைந்தேன். கடையின் பின்பக்கம், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்து, சவாகோ சோற்றுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ், ஈர ஏப்ரன். முகம் இளைத்திருந்தது. கைகள் மட்டும் பெரிய ஆளுடைய கைகள்போல் சிவந்து தடித்திருந்தன.

“ஆபீஸோட வந்தியா?” என்றாள். ஆறு வருடத்துக்குப் பின் முதல் வார்த்தை.

“ஆமா. இல்ல. அவங்க பூங்காவுல இருக்காங்க.”

“சொல்லிட்டு வந்தியா?”

“இல்ல.”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். “நீயா?”

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன்.

“எழுதிட்டு வந்திருக்கியா? எத்தனை பக்கம்?”

“நாலு.”

“எனக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு. அதை உள்ள வை. வாயால சொல்லு.”

நாலு பக்கமும் அடித்துத் திருத்திய நல்ல வாக்கியங்கள். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கடைசியில், “அன்னிக்கு உன்னைப் போகாதேன்னு சொல்லியிருக்கணும். நான் அட்டை கேட்டேன்” என்றேன். “நீ அட்டை எடுக்கப் போன நாப்பது நிமிஷமும் எனக்கு நேரம் இருந்துச்சு. அப்பவும் நான் அடுத்த ஆளைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

அவள் சோற்றுருண்டையின் மிச்சத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வீட்டுக்கு ஓடும்போது நினைச்சேன், திரும்பி வரும்போது நீ கவுன்டர விட்டு எழுந்திருச்சு வெளிய நிப்பியோன்னு. மழை வேற பெஞ்சுச்சு. வந்து பாத்தா முத்திரையில மை தொட்டுக்கிட்டு இருந்த.”

மை தொட்டுக்கொண்டிருந்தது உண்மை.

இரண்டு மணிக்கு அவளை முதலாளி கூப்பிட்டார். “போயிடாத. நாலு மணிக்கு முடியும்” என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய ஏப்ரன் ஒன்றை என்மேல் எறிந்தாள். “இங்க சும்மா உக்காந்தா முதலாளி திட்டுவார். பெட்டியில ஐஸ் அள்ளிப் போடு.”

நான் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது, சரியாக இரண்டு பத்துக்கு, சந்தையின் முனையில் எங்கள் கொடி தெரிந்தது.

நால்வர் நால்வராக வந்தார்கள். இருபுறமும் ஒரே நிதானத்தில் தலையைத் திருப்பிப் பார்த்து, “பார்க்க மட்டும் வந்தோம், நன்றி” என்று கடைக்குக் கடை சொல்லிக்கொண்டு வந்தார்கள். கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் குழுவில் மூன்று பேர் வந்தார்கள். நான்காவது ஆளுக்கான இடைவெளியை ஒழுங்காக விட்டு நடந்தார்கள். எங்கள் கடைக்கு முன்னால் தொகுரா தலைவர் நின்றார். என்னை நேராகப் பார்த்தார்.

“இந்தக் கடைக்காரர் அச்சு அசல் நம்ம மோரிவாக்கி மாதிரியே இருக்கார் பாருங்க.”

ஹிபினோ என்னைப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கழுத்துவரை வெளுத்துப் போனார். பிறகு கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். அதில் எல்லாப் பெயருக்கும் நேரே குறி போட்டிருந்தது.

“மோரிவாக்கி-சான் ஆறாம் குழுவுல இருக்கார் தலைவரே. பூங்காவை விட்டுக் கிளம்பும்போதே எண்ணியாச்சு. முப்பத்தெட்டு.”

“அப்படின்னா சரி” என்று சொல்லித் தொகுரா தலைவர் என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். “பார்க்க மட்டும் வந்தோம், நன்றி.”

“நன்றி, மறுபடி வாங்க” என்றேன். வேறென்ன சொல்வது?

காமியோ மட்டும் கொடியை விட்டு நகர்ந்து வந்து நின்றார். “ஐயா, ஒரு பெண் நண்டு குடுங்க. முட்டை நிறைய இருக்கறதா” என்றார். சவாகோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “முதல் நாள் வேலையா? ஏப்ரனைத் திருப்பிக் கட்டியிருக்கீங்க. நாளைக்குச் சரியாயிடும்.” நண்டை வாங்கிக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் சேர்ந்தார்.

சவாகோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கொடி போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவங்க உன்னைத் தேடவே இல்லியே அப்பா.”

“எண்ணிட்டாங்க.”

“ஓடி வரும்போது நீ காவாயில விழுந்து செத்திருந்தா?”

“அப்பவும் முப்பத்தெட்டுதான்” என்றேன். சொல்லும்போதுதான் அது எனக்கே உறைத்தது. முப்பத்தொரு வருடம் நான் முத்திரை குத்திய தாள்களில் எத்தனை பேர் இப்படி எண்ணிக்கைக்குள் பத்திரமாக இருந்தார்களோ.

நாலு மணிக்கு ஏப்ரனைக் கழற்றியபோது சொன்னாள். போவது ஹக்கொதாத்தேவுக்கு, வடக்கே ஒரு துறைமுக ஊர். கணவாய் மீன் பிடிக்கிற ஒருவர். அவருக்கு அம்மா மட்டும் உண்டு. டிசம்பர் இருபதாம் தேதி, சனிக்கிழமை, வீட்டிலேயே நாலைந்து பேரோடு ஒரு விருந்து. அவ்வளவுதான் கல்யாணம். முகவரியை நண்டு சுற்றும் தாளில் எழுதித் தந்தாள்.

“வரணும்னா வா. ஆனா, ஆபீஸ் வேலையா வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்னு மட்டும் வராத.”

ஐந்து மணி ரயிலில் வீட்டுக்கு வந்தேன். பட்டியல் கணக்குப்படி நான் அப்போது, எல்லோரும் இரவு தங்கும் வெந்நீர் ஊற்று விடுதியில் இருந்தேன்.

திங்கள்கிழமை சுற்றுலா மதிப்பீட்டுக் கூட்டம். அறிக்கை வெள்ளிக்கிழமையே அச்சாகிவிட்டதால் வாசிப்பது மட்டும்தான் பாக்கி. முப்பத்தெட்டுப் பேரும் நலமே திரும்பினார்கள். முப்பத்தெட்டுப் பேரும் அந்த ஊர்ச் சிறப்பான தங்க ரேக்கு ஒட்டிய ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். காமியோ என் காதருகில், “உங்க சீட்டுல ஆள் இல்லைன்னு வேணும்னே மூணு தடவை சொன்னேன். கோட்டு இருக்குல்லன்னாங்க. ராத்திரி விருந்துல கோட்டுக்கு ஒரு தட்டு வெச்சாங்க” என்றார்.

தொகுரா தலைவர் எழுந்தார்.

“ஒருத்தரைப் பத்தித் தனியா சொல்லணும். இந்த ரெண்டு நாள்ல எல்லார் மேலயும் ஏதாவது ஒரு குறிப்பு இருக்கு. ஒருத்தர் நண்டு வாங்கினார். ஒருத்தர் மூணு நிமிஷம் கழிவறையில இருந்தார். ஒருத்தர் குளிருதுன்னார். ஆனா ஒரே ஒருத்தர் மேல ஒரு வார்த்தை இல்ல. தாமதம் இல்ல, கேள்வி இல்ல, சத்தம் இல்ல. இருக்காரா இல்லையான்னே தெரியாம இருந்தார். ஊழியர்னா அப்படி இருக்கணும்! மோரிவாக்கி-சான், அடுத்த வருஷ ஆயத்தக் குழுவுக்கு நீங்கதான் துணைத் தலைவர். முதல் பார்வையிடல் டிசம்பர் இருபது, சனிக்கிழமை.”

கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.

“நான் அங்க இல்லீங்க, தலைவரே. ஒன்னு பத்துக்குப் பூங்காவுல இருந்து ஓடிட்டேன். சந்தையில நீங்க வணங்கினது என்னைத்தான்.”

ஹிபினோ பேனாவைத் தூக்கினார். எதை எழுதுவது என்று தெரியாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். தொகுரா தலைவர் அறிக்கையைப் புரட்டினார், முன்னும் பின்னும். முகத்தில் கோபம் இல்லை. பாவம் பார்ப்பவர் போலத்தான் பேசினார்.

“உங்க தன்னடக்கம் எனக்குப் புரியுது மோரிவாக்கி-சான். ஆனா அறிக்கையில மன்றத் தலைவர் முத்திரை விழுந்தாச்சு. இனிமே நீங்க வரலைன்னு சொன்னா, அது பொய்யாயிடும். உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. டிசம்பர் இருபது எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்றார். மகள் கல்யாணம் என்றேன். சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்தால் குழு பரிசீலிக்கும் என்றார். எழுத மாட்டேன் என்றேன். அறையில் முப்பத்தைந்து பேர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காமியோ மட்டும் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கூட்டம் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நான் படியிறங்கி, வெளியே வந்து, ஸ்டேஷன் வரை நடந்து, சீட்டுக் கவுன்டரில் போய் நின்றேன். ஹக்கொதாத்தே, டிசம்பர் பத்தொன்பது என்றேன்.

“எத்தனை பேர்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“ஒருத்தர்.”

அவள் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சீட்டை அச்சடித்துக் கொடுத்தாள்.